தொடையில் கொம்பு ஏறினால்: போர்முனைக் கட்டு

அடிபட்டவனைத் தூக்க ஓடுகிற படை மருத்துவ உதவியாளரும் போர்முனையில் அதே துப்பாக்கிக்கு விழுவதுண்டு. அதனால் அவருக்கு முதல் பாடம், ஆளை மறைவுக்கு இழு என்பதே. அவனியாபுரம், பாலமேடு, அலங்காநல்லூர் ஜல்லிக்கட்டு வாடிவாசலிலும் அப்படித்தான். காளை களத்தில் நிற்கும்போது காயத்தைப் பார்க்கக் குனியாதீர்கள். அக்குளில் கைகொடுத்துத் தடுப்புக்குப் பின்னால் இழுங்கள். ஒருவர் 108-ஐ அழைக்கட்டும்.

தொடைத் தமனி அறுந்தால் சில நிமிடங்களில் உயிர் போய்விடும். ஈராக், ஆப்கானிஸ்தான் போர்களில் மருத்துவமனை சேருமுன் இறந்த அமெரிக்க வீரர்களில், காப்பாற்றியிருக்கக்கூடியவர்களில் சுமார் 90 சதவீதம் பேரைக் கொன்றது ரத்தப்போக்கு.

துணியைக் கிழித்துக் காயத்தைப் பாருங்கள். பையில் செல்போன், சாவி இருந்தால் எடுத்துவிடுங்கள். காயத்துக்கு மேலே நான்கு விரல்கடை தள்ளி டூர்னிக்கெட் பட்டையை (குச்சியைத் திருகி இறுக்கி ரத்தத்தை நிறுத்தும் பட்டை) சுற்றுங்கள். முழங்கால் மூட்டின் மேல் வேண்டாம். காயம் எங்கே என்று தெரியாவிட்டால் தொடையின் உச்சியில் கட்டுங்கள். குச்சியைத் திருகும் முன்பே பட்டையை இறுக்கி இழுத்துவிட வேண்டும். அங்கே தொய்வு விட்டால் எத்தனை திருகு திருகினாலும் பலன் இல்லை. ரத்தம் நிற்கும்வரை திருகுங்கள். அவர் வலியில் கத்துவார், அதற்காக நிறுத்தக் கூடாது. அரைகுறை இறுக்கம் கட்டாததைவிட மோசம்: ரத்தம் திரும்பிப் போகும் சிரை அடைபடும், ரத்தம் கொண்டுவரும் தமனி ஓடிக்கொண்டே இருக்கும், ரத்தப்போக்கு கூடும். நிற்கவில்லையா, முதல் பட்டையை ஒட்டி அதற்கு மேல்புறம் இன்னொன்று கட்டுங்கள்.

பட்டை இல்லையென்றால் துண்டை மூன்று விரல் அகலத்துக்கு மடித்து, ஒரு சாண் உறுதியான கம்பை முடிச்சில் வைத்துத் திருகுங்கள். பென்சில் ஒடிந்துவிடும், மூக்கணாங்கயிறு, கம்பி எல்லாம் சதையை அறுக்கும்.

கவட்டையில் குத்தியிருந்தால் கட்ட இடமே இருக்காது. அங்கே திணிப்புதான். கொம்புக் காயம் வெளியே சிறிதாகத் தெரியும், உள்ளே இரண்டு மூன்று திசையில் கிழித்திருக்கும். ரத்தம் ஊறும் இடத்தை விரலால் தேடி, சுத்தமான துணியை அங்கிருந்து நெருக்கித் திணித்து, உடல் எடையைப் போட்டு 10 நிமிடம் அழுத்துங்கள். நடுவில் தூக்கிப் பார்க்காதீர்கள். மஞ்சள்தூள், காபித்தூள் வேண்டவே வேண்டாம். வயிற்றிலும் நெஞ்சிலும் திணிக்கக் கூடாது. குடல் வெளியே வந்தால் உள்ளே தள்ளாமல் ஈரத் துணியால் மூடுங்கள்.

சோடா, தண்ணீர் கொடுக்காதீர்கள். போர்வையால் மூடுங்கள், உடல் குளிர்ந்தால் ரத்தம் சரியாக உறையாது. கட்டிய நேரத்தை நெற்றியில் பேனாவால் எழுதுங்கள். இரண்டு மணி நேரம் வரை கால் பொதுவாகத் தாங்கும். ‘கொஞ்சம் ரத்தம் ஓடட்டும்’ என்று யார் சொன்னாலும் தளர்த்தாதீர்கள். அவிழ்ப்பது மதுரை அரசு ராஜாஜி மருத்துவமனை டாக்டரின் வேலை.