ராக் பேண்டுக்கு மாணவர் மியூசிக் வீடியோ: கருவை எப்படிப் பிடிப்பது, எப்படிச் சோதிப்பது

விஸ்காம் (காட்சித் தொடர்பியல்) மாணவர்கள் எடுக்கும் மியூசிக் வீடியோக்களில் பல, முதல் கோரஸ் (பாட்டில் திரும்பத் திரும்ப வரும் பகுதி) முடிவதற்குள் தீர்ந்துபோகின்றன. வரியில் ரயில் வந்தால் ரயில், மழை வந்தால் மழை, நடுநடுவே பேண்ட் வாசிக்கும் ஷாட்கள். ஒரு நிமிடத்தில் பார்ப்பவருக்கு எல்லாம் பிடிபட்டுவிடும். பாட்டோ இன்னும் இரண்டரை நிமிடம் ஓடும். தொடக்கத்திலிருந்து முடிவு வரை ஏதாவது ஒன்று மாறிக்கொண்டே போக வேண்டும். அந்த மாற்றத்தைப் பாட்டுக்குள்ளிருந்தே எடுக்க வேண்டும்.

முதலில் பாட்டை அளந்துகொள்ளுங்கள்

பேண்டிடம் மாஸ்டரிங் (கடைசி ஒலிச் சீரமைப்பு) முடிந்த இறுதி ஃபைலை வேவ் (WAV) வடிவில் கேளுங்கள். "மிக்ஸ் இன்னும் முடியல, இப்போதைக்கு இதை வெச்சுக்கோங்க" என்று தருவது கரு யோசிக்கப் போதும், படப்பிடிப்புக்கு ஆகாது. பிறகு வேகத்தைத் துளி மாற்றினாலும் லிப் சிங்க் (உதடு பாட்டோடு பொருந்துவது) மொத்தமும் போய்விடும்.

3 நிமிடம் 36 வினாடி ஓடும், 100 பிபிஎம் (நிமிடத்துக்கு 100 பீட், அதாவது தாளத் தட்டு) வேகமுள்ள ஒரு பாட்டை எடுத்துக்கொள்வோம். அதில் 360 பீட். ஒரு பாருக்கு (தாளச் சுற்று) நான்கு என்றால் 90 பார். ஒரு பார் 2.4 வினாடி. வினாடிக்கு 25 ஃபிரேமில் எடுத்தால் ஒரு பீட்டுக்குச் சரியாக 15 ஃபிரேம். (120 பிபிஎம் என்றால் பன்னிரண்டரை வரும், எடிட்டில் 12, 13 என்று மாற்றி மாற்றி வெட்ட வேண்டியிருக்கும்.) ஒரு தாளில் எழுதுங்கள்: இன்ட்ரோ (தொடக்க இசை) 8 பார், வெர்ஸ் (சரணம்) 16, கோரஸ் 8, இரண்டாம் வெர்ஸ் 16, கோரஸ் 8, பிரிட்ஜ் (மற்றவற்றிலிருந்து மாறுபட்ட இடைப்பகுதி) 8, கிதார் சோலோ 8, கடைசி கோரஸ் 12, அவுட்ரோ (முடிவு இசை) 6. எந்தக் கருவி எங்கே நுழைகிறது, எங்கே நிற்கிறது என்பதையும் பக்கத்தில் குறியுங்கள். இந்தப் பாட்டில் பிரிட்ஜ் 2:14-இல் தொடங்குகிறது, அங்கே டிரம்ஸ் நின்றுவிடுகிறது என்று வைத்துக்கொள்வோம்.

மாறுவது எது?

பாட்டு, ஊரைவிட்டுப் போகும் நண்பனைப் பற்றியது. பேருந்து நிலையத்தில் கையசைக்கும் காட்சி யாருக்கும் தோன்றும், அதை விட்டுவிடுங்கள். பேண்ட் ஒரு மொட்டை மாடியில் வாசிக்கிறது. ஒவ்வொரு பகுதி முடியும்போதும் ஒரு பொருள் கழற்றப்பட்டுக் கீழே நிற்கும் குட்டியானை வண்டியில் ஏறுகிறது: முதலில் தரைவிரிப்பு, பிறகு விளக்குகள், மைக் ஸ்டாண்ட், பேஸ் கிதாரின் ஆம்ப் (ஒலிபெருக்கி). பிரிட்ஜில் டிரம்ஸ் போகிறது. சோலோ முடிந்ததும் கிதார் ஆம்ப். அவுட்ரோவில் மாடியில் மிஞ்சுவது ஒரு எக்ஸ்டென்ஷன் பாக்ஸ்.

இங்கே ஒரு சிக்கல் உண்டு. கடைசி கோரஸில் டிரம்ஸ் ஒலி திரும்ப வருகிறது. ஆனால் செட் ஏற்கெனவே வண்டியில். இதை மறைக்கப் பார்க்காதீர்கள். டிரம்மர் கையில் குச்சிகள் மட்டும் இருக்கின்றன. அவர் சின்டெக்ஸ் டேங்கில் அடிக்கிறார். மனதில் நிற்கப்போகும் ஷாட் அதுதான். கருவுக்கும் பாட்டுக்கும் முட்டும் இடத்தில் பெரும்பாலும் இப்படி ஒன்று கிடைக்கும். அதனால் முட்டும் இடங்களைப் பட்டியலிட்டுத் தேடிப் போங்கள்.

கருவை ஒரே வாக்கியத்தில் சொல்லிப் பாருங்கள். "முதலில் இப்படி இருந்தது, கடைசியில் இப்படி ஆனது" என்ற வடிவத்தில் வரவில்லை என்றால் கையில் இருப்பது வெறும் சூழல்; இன்னும் கரு ஆகவில்லை. மூட்போர்டு (நிறம், தோற்றம் காட்டும் படத் தொகுப்பு) எவ்வளவு அழகாக இருந்தாலும் இந்தக் குறையை நிரப்பாது.

ஃபோனில் ஒரு வெள்ளோட்டம்

பேண்டுக்கு ட்ரீட்மென்ட் (வீடியோ எப்படி இருக்கும் என்ற எழுத்து விவரம்) ஒரு பக்கம் போதும். அதைவிட முக்கியம், முழு நீள அனிமேட்டிக் (அசையாப் படங்களைப் பாட்டின் நேரத்துக்கு அடுக்கிய மாதிரி வீடியோ). நண்பர்கள் நால்வரை மாடியில் நிறுத்தி ஃபோனில் புகைப்படமாக எடுத்து, டைம்லைனில் பாட்டோடு அடுக்குங்கள். பிறகு ஒலியை அணைத்துவிட்டு, பாட்டைக் கேட்டிராத ஒருவரிடம் காட்டுங்கள். எந்த நொடியில் அவர் கண் திரையைவிட்டு விலகுகிறதோ அங்கே புதிதாக எதுவும் நடக்கவில்லை என்று அர்த்தம். இரண்டாம் வெர்ஸில்தான் பெரும்பாலும் மாட்டும்.

நேரக் கணக்கு

பொருள் குறைந்துகொண்டே போவதால் பாட்டின் வரிசையிலேயே எடுக்க வேண்டும். மாற்றி எடுத்தால் போன தரைவிரிப்பு திரும்ப வந்து நிற்கும். 9 பகுதிக்கும் வைட் (எல்லாரும் தெரியும் தூர ஷாட்), பாடகர் க்ளோசப், கருவி க்ளோசப் என மும்மூன்று எடுத்தால் 27 டேக். ஒன்றுக்கு மூன்றரை நிமிடம் என்றால் ஏறக்குறைய 95 நிமிடம். கழற்ற இடையில் எட்டு முறை ஐந்தைந்து நிமிடம். ஆக, இரண்டே கால் மணி நேரம். சென்னையில் சூரியன் மறைவது மாதத்தைப் பொறுத்து ஏறக்குறைய 5.40-க்கும் 6.40-க்கும் இடையில். அன்றைய நேரத்திலிருந்து பின்னோக்கி எண்ணித் தொடங்குங்கள். வெளிச்சம் குறைந்துகொண்டே போவது இந்தக் கருவுக்குத் துணைதான். கழற்றத் தொடங்கும் முன் முழுப் பாட்டையும் வைட்டில் ஒரு முறை எடுத்து வையுங்கள். எடிட்டில் ஓட்டை விழும்போது அதுதான் காப்பாற்றும்.

லிப் சிங்க் கெடும் இடங்கள்

ஒவ்வொரு பகுதிக்கும் தனித்தனி பிளேபேக் ஃபைல் (படப்பிடிப்பில் ஒலிக்கவிடும் பாட்டு) செய்து, முன்னால் தாளத்துக்கு நான்கு கிளிக், அதன்பின் அந்தப் பகுதிக்கு முந்தைய இரண்டு பார் இசை விடுங்கள். இல்லாவிட்டால் முதல் வரியில் பாடகர் தடுமாறுவார். ஸ்பீக்கரைப் பாடகர் பக்கத்திலேயே வையுங்கள்: 14 மீட்டர் தள்ளி இருந்தால் ஒலி ஒரு ஃபிரேம் தாமதமாகப் போய்ச் சேரும். பாடகர் உண்மையாகவே கத்திப் பாட வேண்டும். உதட்டை மட்டும் அசைத்தால் கழுத்து நரம்பு காட்டிக்கொடுத்துவிடும். கிதாரில் ஜாக் கேபிள் கட்டாயம், கார்டும் (சுரக்கூட்டு) சரியாகப் பிடிக்க வேண்டும். டிரம்ஸ் மீது துண்டு போட்டால் பாட்டு காதில் விழும். ஆனால் வைட் ஷாட்டில் துண்டு தெரியும், அப்போது எடுத்துவிடுங்கள்.

ஃபோனில் எடுத்தால் பிளாக்மேஜிக் கேமரா போன்ற செயலியில் 25 ஃபிரேமைப் பூட்டுங்கள். ஃபோனின் சொந்தக் கேமராவில் ஃபிரேம் வேகம் கூடிக் குறையும். நீண்ட டேக்கில் உதடு மெல்ல விலகிப்போகும். நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்பதால் விளக்கு எரியும் இடத்தில் ஷட்டர் வேகம் 1/50 அல்லது 1/100 வினாடி. வேறு வைத்தால் திரையில் பட்டை ஓடக்கூடும். ஸ்லோமோஷனில் உதடு பொருந்த, 50 ஃபிரேமில் எடுத்துப் பாட்டை 200 சதவீத வேகத்தில் ஓட்ட வேண்டும்; எடிட்டில் அதை 25 ஃபிரேமில் ஓட்டும்போது உதடு பாட்டின் இயல்பு வேகத்துக்கு வந்துவிடும். அந்த வேகத்தில் பாடுவது கடினம். 30 ஃபிரேம், 120 சதவீதம் என்பது பெரும்பாலானவர்களுக்குக் கைகூடும். உடலசைவில் சின்ன மிதப்பும் கிடைக்கும்.

அனுமதி

மாடி உரிமையாளரிடம் எழுத்தில் அனுமதி வாங்குங்கள். மாடி எத்தனை பேரைத் தாங்கும் என்றும் கேளுங்கள். பாட்டுக்கு இரண்டு வகை உரிமைகள் உண்டு: இசையமைப்பும் வரிகளும் ஒன்று, ஒலிப்பதிவு இன்னொன்று. இரண்டையும் சொல்லி, கல்லூரி மதிப்பீடு, திரைப்பட விழா, யூடியூப் என மூன்றையும் பெயர் குறித்துக் கையெழுத்து வாங்குங்கள். பேண்ட் ஏற்கெனவே விநியோக நிறுவனம் வழியாகப் பாட்டை வெளியிட்டிருந்தால், உங்கள் வீடியோ மீது யூடியூப்பில் தானாகவே உரிமைக் கோரல் விழலாம். பதிவேற்றும் முன்பே உங்கள் சேனலுக்கு விலக்கு வாங்கித் தரும்படி பேண்டிடம் சொல்லிவையுங்கள்.