சாக்கடைத் தண்ணீரையும் கணக்கில் சேருங்கள்

செட்டிநாட்டு வீடுகளில் முற்றத்து ஓட்டிலிருந்து ஒழுகும் மழையை அண்டா வைத்துப் பிடித்தவர்கள் நாம். இப்போது பிடித்துச் சுத்திகரித்து மறுபடி பயன்படுத்த வேண்டியது சாக்கடைத் தண்ணீரை. முகம் சுளிக்காமல் முதலில் கணக்கைப் போடுங்கள்.

பாதாளச் சாக்கடை உள்ள ஊருக்கு ஆளுக்கு நாளொன்றுக்கு 135 லிட்டர் தண்ணீர் என்று வைத்துத்தான் திட்டம் போடுவார்கள், அதில் சுமார் 80 சதவீதம் கழிவாகத் திரும்பி வரும் என்பதால் காரைக்குடி அளவில் 1 லட்சம் பேருக்கு தினமும் 1 கோடியே 8 லட்சம் லிட்டர். மழை பொய்த்தாலும் இது அவ்வளவாகக் குறையாது.

அப்புறம், சுத்திகரிப்பு நிலையம் கட்டும் முன்பே அந்தத் தண்ணீரை யார் வாங்குவார்கள் என்று பாருங்கள். பலர் கோட்டை விடுவது இங்கேதான். சென்னையில் கொடுங்கையூர், கோயம்பேடு இரண்டிலும் தினமும் தலா 4.5 கோடி லிட்டர் வரை ஆர்.ஓ. (உப்பையும் வடிகட்டும் முறை) வரை சுத்தம் செய்யும் நிலையங்களை அமைத்து தொழிற்சாலைகளுக்குக் கொடுக்கிறார்கள். தென்னைக்கும் கட்டட வேலைக்கும் அவ்வளவு செலவு எதற்கு? ஆனால் சாதாரணச் சுத்திகரிப்பில் உப்பு போகாது, அதனால் தோப்புக்கு விடும் முன் டி.டி.எஸ்., அதாவது தண்ணீரில் கரைந்திருக்கும் உப்பின் அளவைப் பார்த்துவிடுங்கள்.

சுத்திகரித்த தண்ணீரை ஊரணிக்குள் மட்டும் நேராக விடவே கூடாது. தெளிவாகத் தெரிந்தாலும் அதில் தங்கும் நைட்ரஜனும் பாஸ்பரஸும் போதும், ஆகாயத்தாமரை மண்டிவிடும்.