பெயர்ப்பலகையைக் கடைசியில் படியுங்கள்: பழைய பிரிட்டிஷ் பிரஸ் கேமராக்களை அடையாளம் காண்பது எப்படி?

நான் வாங்கிய முதல் பிரிட்டிஷ் கேமராவின் முன்பக்கத்தில் தந்த நிறத்தில் குட்டித் தகடு ஒன்று இருந்தது. அதில் ஒரு பெயரும் ஒரு ஊரும். அதுதான் தயாரித்த கம்பெனி என்று நம்பி இரண்டு வாரம் தேடினேன். கடைசியில் பார்த்தால், அது அந்தக் கேமராவை விற்ற மருந்துக்கடையின் பெயர்! அந்தக் காலத்தில் பிரிட்டனில் மருந்துக்கடைக்காரர்கள் கேமராவும் விற்றார்கள்.

பெரிய பெயர்களிலும் இதே கதைதான். சோஹோ ரிஃப்ளெக்ஸ் கேமராவை விற்றது லண்டன் சோஹோ சதுக்கத்து மேரியன் கம்பெனி. செய்தது லீட்ஸ் நகரத்து கெர்ஷா. சாண்டர்சன் கேமராவை வடிவமைத்தவர் கேம்பிரிட்ஜைச் சேர்ந்த மரவேலைக்காரர் ஃபிரெடரிக் சாண்டர்சன். தயாரித்தது லண்டன் ஹௌட்டன் கம்பெனி. அதனால் பிரஸ் கேமராக்களை, அதாவது பத்திரிகைப் புகைப்படக்காரர்கள் பயன்படுத்தியவற்றை, அடையாளம் காணும் என் முறை தலைகீழானது. முதலில் உடம்பு, அப்புறம் பெயர்.

கையில் வேண்டியவை: ஓர் அளவுகோல், ஒரு சிறிய டார்ச், ஒரு பூதக்கண்ணாடி, ஒரு நோட்டு.

படி 1: முதுகை அளந்து பாருங்கள்

பின்புறம் படம் விழும் சட்டத்தின் அளவை எடுங்கள். சுமார் 83 × 108 மி.மீ. என்றால் குவாட்டர் பிளேட் (பழைய கண்ணாடித் தகட்டு அளவு). 120 × 165 என்றால் ஹாஃப் பிளேட். பெரும்பாலும் முக்காலியில் நிற்கிற, ஸ்டுடியோவுக்கோ இயற்கைக் காட்சிக்கோ ஆன கேமரா. 9 × 12 செ.மீ. அல்லது 4 × 5 அங்குலம் என்றால் பத்திரிகைக்காரர் கையில் இருந்ததா என்று யோசிக்கத் தொடங்கலாம். சட்டம் சரியாக 5 அங்குலச் சதுரமா? அப்படியானால் உங்கள் முன்னால் இருப்பது அநேகமாக விமானப்படைப் பொருள்.

படி 2: ஷட்டர் எங்கே இருக்கிறது?

மூன்று இடங்கள்தான். லென்ஸுக்கு முன்னால் ஒரு மரப்பெட்டி, அதிலிருந்து ஒரு நூல் தொங்குகிறது என்றால் ரோலர் பிளைண்ட் ஷட்டர். நூலை இழுத்தால் துணித்திரை சுற்றிக்கொள்ளும், விசையைத் தட்டினால் ஓடும். இந்த வகையில் ஆல்ட்ரிங்கம் ஊரின் தார்ன்டன்-பிக்கார்ட்தான் ராஜா. லென்ஸுக்குள்ளேயே உலோக இதழ்கள் இருந்தால் லீஃப் ஷட்டர். பிரிட்டிஷ் உடம்பில் ஜெர்மன் காம்பர் ஷட்டர் இருப்பது சகஜம்.

மூன்றாவது, ஃபிலிமுக்கு ஒட்டினாற்போல் பின்னால் ஓடும் துணித்திரை: ஃபோகல் பிளேன் ஷட்டர். திரையில் ஒரு கீற்று இருக்கும். கீற்றைச் சுருக்கினால், அல்லது திரையை இழுக்கும் சுருள்வில்லை இறுக்கினால் வேகம் கூடும். ஓடும் குதிரையையும் பந்தைத் துரத்தும் வீரரையும் உறைய வைக்க 1/1000 நொடி வரை போனது இந்த ஷட்டர்தான். பிரஸ் கேமராவின் உயிர் இங்கே இருக்கிறது.

படி 3: எந்தக் குடும்பம்?

எனக்கு மிகப் பிடித்தது வி.என். பிரஸ் கேமரா. லண்டனில் பீலிங் அண்ட் வான் நெக் கம்பெனி செய்தது. வான் நெக் என்பதன் சுருக்கம்தான் வி.என். ஜெர்மனியின் கோயர்ஸ் அன்ஷூட்ஸ் கேமராவின் வழி வந்த உருவம். மடித்தால் ஒரு தடித்த புத்தகம் போல ஆகிவிடும். முன்பலகையை இழுத்தால் மடக்குக் கால்கள் நிமிர்ந்து கெட்டியாக நிற்கும். மேலே வெறும் கம்பிச் சட்டம்தான் வ்யூஃபைண்டர். தூரத்தைக் கண்ணால் மதிப்பிட்டு, லென்ஸைத் திருகி வைத்து, கம்பிக்குள் ஆளைப் பிடித்து அழுத்த வேண்டியதுதான். அந்நாளில் பத்திரிகை அலுவலகங்கள் நிறைந்திருந்த லண்டன் ஃப்ளீட் தெருவின் புகைப்படக்காரர்கள் மழையிலும் கூட்டத்திலும் தூக்கித் திரிந்தது இப்படிப்பட்ட கேமராக்களைத்தான்.

அதனால் வி.என். பளபளப்பாக இருந்தால்தான் எனக்குச் சந்தேகம் வரும். உழைத்த கேமராவில் கறுப்புச் சாயம் இரண்டாம் முறை பூசியிருக்கும், ஃபிளாஷுக்கு ஒரு சாக்கெட் பிற்பாடு துளைத்திருக்கும், லென்ஸ் மாறியிருக்கும், பத்திரிகை அலுவலகத்தின் எண் கீறியிருக்கும். இவையெல்லாம் அதன் வேலைக்குச் சான்று. தேய்த்து மெருகேற்றிவிடாதீர்கள்.

இரண்டாவது குடும்பம் ரிஃப்ளெக்ஸ்: கனத்த சதுரப் பெட்டி, மேலே தோல் கூண்டு, உள்ளே மேலெழும் கண்ணாடி. சோஹோவும் தார்ன்டன்-பிக்கார்டின் ரூபியும் இதில் அடங்கும். வெப்ப நாடுகளுக்கென்று தேக்கு மரத்திலும் பித்தளையிலும் செய்த டிராப்பிக்கல் சோஹோவும் உண்டு. சிவப்புத் துருத்தியோடு (லென்ஸையும் உடம்பையும் இணைக்கும் மடிப்புக் கூடு) பார்க்க அழகோ அழகு, விலையும் அப்படியே.

மூன்றாவது, போருக்குப் பிந்தைய எம்.பி.பி., அதாவது மைக்ரோ பிரிசிஷன் பிராடக்ட்ஸ். மைக்ரோ டெக்னிக்கல் என்பது ஜெர்மன் லின்ஹாஃப் கேமராவின் பாணியில் மடியும் 4 × 5 உலோகக் கேமரா. மைக்ரோ பிரஸ் அமெரிக்க ஸ்பீடு கிராஃபிக்கின் சாயல். முற்கால மைக்ரோ டெக்னிக்கல் வாங்குவதென்றால் ஃபிலிம் ஹோல்டரும் சேர்ந்து வருகிறதா என்று கேளுங்கள். இன்றைய சாதாரண ஹோல்டர் எல்லாவற்றிலும் பொருந்தாது.

அப்புறம் சிறப்புப் பணிக் கேமராக்கள். விமானப்படையின் எஃப்24, ஐந்தரை அங்குல அகல ஃபிலிமில் 5 அங்குலச் சதுரப் படங்களாக 125 எடுக்கும். ஜி45 என்பது 16 மி.மீ. துப்பாக்கிக் கேமரா, ஸ்பிட்ஃபயர், ஹரிகேன் விமானங்களில் பொருத்தப்பட்டு, சுடும்போது கூடவே படம்பிடிக்கும். இன்னும் விசித்திரம் தார்ன்டன்-பிக்கார்டின் ஹைத் கேமரா. முதல் உலகப்போரில் விமானத் துப்பாக்கி வீரர்களின் பயிற்சிக்காக லூயிஸ் துப்பாக்கி உருவத்திலேயே செய்தது. விசையை அழுத்தினால் குண்டுக்குப் பதில் 120 ரோல் ஃபிலிமில் ஒரு படம் விழும். (வாங்கினால் தயவுசெய்து மூடி எடுத்துப் போங்கள். ரயிலில் யாரும் சிரிக்க மாட்டார்கள்.)

35 மி.மீ. பக்கம் வந்தால் லெஸ்டர் நகரத்தில் லைக்காவைப் பார்த்துச் செய்த ரீட், பிராம்லியின் ரேஃப்ளெக்ஸ், பெரிஸ்கோப்பை ஃபிலிமுக்கு முன்னால் இறக்கி ஃபோகஸ் பார்க்கும் கார்ஃபீல்டின் பெரிஃப்ளெக்ஸ். ரீடை மட்டும் முதல் கொள்முதலாக வாங்காதீர்கள். விலையும் அதிகம், ஏமாறும் வாய்ப்பும் அதிகம்.

படி 4: முத்திரைகள்

பூதக்கண்ணாடி இப்போது வேண்டும். மேல்நோக்கிய மூன்று கோட்டு அம்பு என்றால் அரசாங்கச் சொத்து. கிரீடமும் ஏ.எம். எழுத்துகளும் விமான அமைச்சகத்தைக் குறிக்கும். 14ஏ என்று தொடங்கும் எண், விமானப்படைக் கிடங்கின் புகைப்படப் பிரிவு எண். அம்பு முத்திரை விலையை ஏற்றும் என்பதால் பிற்பாடு அடித்தவையும் சந்தையில் வரலாம். முத்திரையின் பள்ளத்துக்குள்ளும் பழைய அழுக்கு இருக்கிறதா பாருங்கள்.

படி 5: இப்போது பெயர்

உடம்பில் உள்ள பெயரையும் லென்ஸ் வளையத்தில் உள்ள பெயரையும் தனித்தனியே எழுதுங்கள். லென்ஸ் கம்பெனிகளில் ராஸ், டால்மேயர் லண்டன்காரர்கள், டெய்லர் ஹாப்சன் லெஸ்டர்காரர், ரே பிராம்லிக்காரர். பிரிட்டிஷ் உடம்பில் ஜெர்மன் டெஸ்ஸார் லென்ஸ் இருந்தால் பதற வேண்டாம், பலரும் விரும்பிப் போட்டதுதான். ராஸ், ஜெர்மன் கம்பெனி சைஸ் (Zeiss) இரண்டு பெயரும் ஒரே வளையத்தில் இருந்தால் இன்னும் நல்லது. சைஸின் அனுமதியோடு ராஸ் செய்தவை அவை, முதல் உலகப்போருக்கு முந்தைய லென்ஸ் என்று கொள்ளலாம்.

படி 6: உடல்நிலை

இருட்டறையில் துருத்திக்குள் டார்ச்சை விட்டுப் பாருங்கள். மூலைகளில் நட்சத்திரம் தெரிந்தால் ஓட்டை. ஷட்டர் துணியையும் அப்படியே. ரப்பர் பூசிய துணி காய்ந்து விறைத்திருந்தால் ஒரே ஒரு முறை, குறைந்த வேகத்தில் மட்டும் இயக்குங்கள். விற்பவர் எதிரில் படபடவென்று அழுத்திக் கிழித்துவிட்டால் கேமரா உங்களுடையது! லென்ஸில் சிலந்திவலை போல் இருந்தால் பூஞ்சை, ஓரத்தில் எண்ணெய்ப் படலம் போல் வானவில் மின்னினால் கண்ணாடிகளை ஒட்டிய பசை விட்டுப்போயிருக்கிறது. தூசிக்குப் பயப்பட வேண்டியதில்லை.

படி 7: எங்கே வாங்குவது?

பிரிட்டனில் இருந்தால் ஞாயிற்றுக்கிழமை கார் பூட் சந்தைகள் (கார் டிக்கியில் வைத்துப் பழைய பொருள் விற்பவை), ஏலங்கள், கேமராச் சந்தைகள். 1977இல் தொடங்கிய போட்டோகிராஃபிக் கலெக்டர்ஸ் கிளப் ஆஃப் கிரேட் பிரிட்டன் நடத்தும் ஃபோட்டோகிராஃபிகா சந்தையில் கேமராவைக் கையில் எடுத்துப் பார்த்து வாங்கலாம். ஆன்லைனில் என்றால் துருத்தியின் உட்புறம், ஷட்டர் துணி, பின்சட்டம் மூன்றுக்கும் படம் கேளுங்கள். "சோதிக்கப்படவில்லை" என்று எழுதியிருந்தால், சோதித்துப் பார்த்தார், வேலை செய்யவில்லை என்று எடுத்துக்கொள்வது என் வழக்கம்.

முதல் கேமராவாக எம்.பி.பி. மைக்ரோகார்டையோ ஒரு என்சைன் செல்ஃபிக்ஸையோ வாங்குங்கள். இரண்டும் பிரஸ் கேமரா இல்லைதான். ஆனால் 120 ஃபிலிம் இன்றும் கிடைக்கிறது, எடுத்துப் பழகலாம். வி.என். தானாக ஒருநாள் கண்ணில் படும். வீட்டுக்குக் கொண்டு வந்ததும் ஷட்டரின் சுருள்வில்லைத் தளர்த்திவிட்டு, தோல் பைக்கு வெளியே, சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு வையுங்கள். பழைய தோல் பைதான் பூஞ்சைக்குத் தாய்வீடு.