பழைய அலுமினியப் படகில் ஒழுக்கை அடைக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

காவிரி டெல்டாவின் கழிமுகங்களில் படகைப் பழுது பார்ப்பவர்களின் கை மரத்திலும் பைபரிலும் பழகியது. மரத்தோணியின் பலகை இணைப்பில் கசிவு கண்டால், கலப்பத்து அடித்து, அதாவது இடுக்கில் பஞ்சுநாரைத் திணித்து, தண்ணீரில் ஊறப் போடுவார்கள். பலகை உப்பி, மிச்ச இடைவெளியைத் தானே அடைத்துக்கொள்ளும். 2004 சுனாமிக்குப் பிறகு கரையெங்கும் பெருகிய பைபர் படகில் ஓட்டை விழுந்தால், சுரண்டிவிட்டு கண்ணாடியிழை விரிப்பும் (மேட்) ரெசின் பசையும் வைத்து ஒட்டிவிடுவார்கள். பழைய அலுமினியப் படகைச் செப்பனிட்டு முத்துப்பேட்டைக் காயலிலோ கொள்ளிடத்து முகத்துவாரத்திலோ இறக்க நினைப்பவர், இந்த இரண்டு பழக்கத்தையும் ஒதுக்கி வைத்துவிட்டுத்தான் வேலையைத் தொடங்க வேண்டும். அலுமினியம் ஊறி உப்புவதில்லை. பைபருக்குப் போடும் பாலியெஸ்டர் ரெசினும் அதன்மேல் நெடுநாள் பிடித்து நிற்பதில்லை.

எல்லாத் தவறுகளுக்கும் மூலம், ஒழுகும் இடத்தைக் கண்டுபிடிப்பதற்கு முன்பே அடைக்கத் தொடங்குவதுதான். உள்ளே தண்ணீர் தேங்கியிருக்கும் இடமும் தண்ணீர் நுழையும் இடமும் பெரும்பாலும் ஒன்றாக இருப்பதில்லை. தகட்டு இணைப்பின் வழியே ஊர்ந்து, விலாச்சட்டங்களின் அடியில் புகுந்து, எங்கோ தாழ்வான ஓரிடத்தில் அது சேர்கிறது. ஆகவே படகை மரக்கட்டைகளின்மேல் ஏற்றி, அடிப்பகுதியைத் துடைத்து நன்றாகக் காயவிட்டு, உள்ளே தண்ணீர் ஊற்றிக் கீழிருந்து பார்ப்பதே நம்பகமான வழி. இதிலும் அவசரம் கூடாது. ஒரு சதுர மீட்டர் பரப்பில் 10 செ.மீ. உயரத்துக்கு நிற்கும் தண்ணீரின் எடை 100 கிலோ. கட்டைகளைச் சட்டங்களுக்கு நேர் கீழே நெருக்கமாக வைக்காமல் படகு நிறைய ஊற்றினால், பழைய தகடு வளைந்து, நன்றாக இருந்த இணைப்பும் பிளந்துவிடும். முதலில் ஏரா (படகின் நடு அடிக்கட்டை) நனையும் அளவுக்கு மட்டும் ஊற்றிப் பார்த்து, பிறகு சிறிது சிறிதாக உயர்த்தி, நான்கைந்து விரற்கடையோடு நிறுத்திக்கொள்வது நல்லது.

வெளிப்புறத்தில் தகடுகளைப் பிணைக்கும் ரிவிட் ஆணிகளின் வரிசையின்மேல் சாக்பீஸை முன்கூட்டியே தேய்த்து வைத்தால், மெல்லிய கசிவும் வெள்ளையின் நடுவே கருத்த புள்ளியாகத் தெரியும். ஈரம் கீழ்நோக்கிப் பரவும் என்பதால், அந்த ஈரத்தின் மேல்நுனியையே குறித்துக்கொள்ள வேண்டும். குறிப்பதற்குப் பென்சிலை எடுக்கக்கூடாது. அதிலுள்ள கிராஃபைட் உப்பீரத்தில் அலுமினியத்தை அரிக்கும். மெழுகுச் சாயக்குச்சி போதும். மணிக்கணக்கில் காத்திருந்து சொட்டும் கசிவும் உண்டு என்பதால், பத்து நிமிடத்தில் பார்த்து முடித்துவிடக்கூடாது.

அசையாமல் நிற்கும்போது ஒழுகாத ரிவிட், அலையில் தகடு நெளியும்போது ஒழுகும். ரிவிட் தலையைச் சுற்றிக் கரிபோன்ற வளையம் படிந்திருந்தால், அது உள்ளே உராய்ந்து ஆடிக்கொண்டிருக்கிறது என்று பொருள். ஒருவர் படகினுள் மெதுவாகக் கால் மாற்றி மிதிக்க, மற்றவர் வெளியிலிருந்து பார்த்தால் அப்படிப்பட்ட ரிவிட்டில் மிதிக்கு ஒரு சொட்டு வெளிவருவதைக் காணலாம். எஞ்சின் மாட்டும் பின்பலகையின் போல்ட்டுகளையும், வடிகால் அடைப்பான் உட்காரும் இடத்தையும் பலர் பார்ப்பதே இல்லை. எஞ்சின் எடையில் பின்புறம் தாழும்போது அவையெல்லாம் தண்ணீருக்குள் போய்விடுகின்றன.

ஆடும் ரிவிட்டின்மேல் எதைப் பூசினாலும் நிற்காது. வெளித்தலையில் ஒருவர் கனமான இரும்புக் கட்டியை அழுத்திப் பிடிக்க, மற்றவர் உள்ளிருக்கும் வாலைச் சிறு சுத்தியலால் தட்டி இறுக்க வேண்டும். ஓங்கி அடித்தால் தகடு விரிந்து, பக்கத்து ரிவிட்டும் தளர்ந்துவிடும். துளை அகன்றிருந்தால் பழையதை எடுத்துவிட்டு, ஓர் அளவு பெரிய அலுமினிய ரிவிட்டைச் சீலன்ட்டில் (கசிவடைக்கும் பசையில்) தோய்த்து அடிக்க வேண்டும். பெயர்ப்பலகைக்கு அடிக்கும் சாதாரண பாப் ரிவிட் நடுவில் குழலாகத் திறந்திருப்பதால், அதுவே புதிய ஒழுக்காகிவிடும். நுனி மூடிய வகை வேண்டும்.

சீலன்ட் விஷயத்தில் நம் ஊர் வழக்கம், பிசைந்து அப்பும் எம்-சீல். குழாய்க்கு அது நல்லதுதான். ஆனால் அலுமினியம் வெயிலில் இரும்பைப்போல் ஏறக்குறைய இரண்டு மடங்கு விரிவடையும். இறுகிக் கல்லாகும் எந்தப் பூச்சும் அந்த அசைவில் விளிம்பிலிருந்து பெயர்ந்துவிடும். புளித்த நெடி வீசும் மலிவான சிலிக்கோன் உலோகத்தை அரிப்பதோடு, அதன் மிச்சம் ஒட்டியிருக்கும் இடத்தில் பிறகு பெயின்டும் பிடிக்காது. படகுக்கென விற்கும், ரப்பர்போல் நெகிழும் பாலியூரித்தேன் சீலன்ட்டே சரியானது. அதைப் பூசுவதற்கு முன் பழைய பூச்சைச் சுரண்டி, நல்ல தண்ணீரில் உப்பைக் கழுவி, காய்ந்தபின் ஸ்டெயின்லெஸ் கம்பிப் பிரஷ்ஷால் தகடு மின்னும்வரை தேய்த்து, உடனே பூசிவிட வேண்டும். கடலோர டெல்டாவில் பல இடங்களில் போர்வெல் தண்ணீரே உப்பு என்பதால், கழுவும் தண்ணீரை வாயில் வைத்துப் பார்த்துக்கொள்வது அவசியம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான மீன்பிடித் தடைக்காலத்தில்தான் கரையில் பழுதுவேலை மும்முரமாக நடக்கிறது. கத்திரி வெயிலில் சுடும் தகட்டில் பூசினால் சீலன்ட்டின் மேல்தோல் மட்டும் முந்திக் காயும் என்பதால், விடியற்காலையே ஏற்றது.

விரிசலை அப்படியே மூடினால் அது பூச்சுக்கு அடியில் மேலும் ஓடும். இரு முனையிலும் 3 மி.மீ. துளையிட்டு நிறுத்திவிட்டு, முனை உருட்டிய ஒட்டுத்தகட்டைச் சீலன்ட்டோடு ரிவிட் அடிக்க வேண்டும். பாத்திரத் தகடு இதற்கு மிகவும் மென்மை. 5052 போன்ற கடல்தரக் கலவைத் தகட்டையே கேட்டு வாங்க வேண்டும். வெல்டிங் என்றால், அலுமினியத்தில் கைத்தேர்ச்சி உள்ளவரின் ஆர்கான் வெல்டிங் மட்டுமே. அலுமினியம் 660 டிகிரியில் உருக, அதன் மேலிருக்கும் ஆக்சைடுப் படலமோ 2,000 டிகிரியைத் தாண்டியே உருகும். கேட் அடிக்கும் பட்டறையில் கொடுத்தால், படலம் கரைவதற்குள் தகடு பொத்துக்கொள்ளும்.

அடைத்த படகைப் புதிதாக ஓட்டையாக்குவது வேற்று உலோகங்கள். பாசியும் கொட்டலசும் (ஒட்டிக்கொள்ளும் ஓட்டுயிர்) பிடிக்காமலிருக்கச் செம்பு கலந்த பெயின்ட்டை அடிப்பது, பித்தளை ஆணி அடிப்பது, செம்பு மருந்து ஏற்றிய ப்ளைவுட்டைத் தரையாகப் போடுவது, வலையிலிருந்து உதிர்ந்த ஈயக்குண்டுகளை அடியில் கிடக்க விடுவது ஆகியவை உப்புத் தண்ணீரோடு சேர்ந்து தகட்டை அரித்துவிடும். ஸ்டெயின்லெஸ் போல்ட்டுக்கும் நைலான் வாஷர் இட்டுப் பிரித்து வைக்க வேண்டும். சுண்ணாம்பும் சிமெண்டும் காரத்தன்மையால் அலுமினியத்தைத் தின்பவை. அவற்றால் எந்த ஓட்டையையும் அடைக்கக்கூடாது. ஈர வண்டல் படிந்த மூலையில் வெள்ளைப் பொடி தெரிந்தால், அரிப்பு அங்கே தொடங்கிவிட்டது.

சீலன்ட் முழுதாக இறுகிய பின், அதே கட்டைகளின்மேல் அதே அளவு தண்ணீரை ஊற்றி மறுபடி பார்க்க வேண்டும். அதிலும் தேறினால், ஆழமில்லாத வாய்க்காலில் ஆளையும் எஞ்சினையும் ஏற்றி, கரையோரமாகவே ஓட்டிப் பார்த்துவிட்டு அடுத்த நாள் காயலுக்குப் போகலாம்.