பிஸ்டல் ஜாம் ஆனா அவசரத்துல பண்ணக்கூடாத தப்புகள்

ஷூட்டிங் ரேஞ்ச்ல சுடும்போது பிஸ்டல் ஜாம் ஆயிடுச்சுன்னா, அதாவது உள்ள தோட்டா சிக்கி நின்னுடுச்சுன்னா, இனி வெடிக்காதுன்னு நெனைக்கிறதுதான் முதல் தப்பு. ஸ்லைடு (பிஸ்டல் மேல முன்னும் பின்னும் நகர்ற பகுதி) பாதில நிக்கும், ட்ரிக்கர் அசையாது, ஆனா உள்ள வெடிக்காத ரவுண்டு (தோட்டா) ஒண்ணு இருக்கலாம், அதனால சரி பண்ற வரைக்கும் அத லோட் ஆன துப்பாக்கியாவே பாருங்க, விரல் ட்ரிக்கர்ல இருந்து வெளிய வந்துடணும், முனை டார்கெட் பக்கமே இருக்கணும்.

இதுல நிறைய பேர் சறுக்குறது ஸ்லைடு இழுக்கும்போதுதான். இறுக்கமா இருக்கேன்னு வலது கைக்காரங்க பிஸ்டல உடம்புக்கு குறுக்க கொண்டு வருவாங்க, முனை நேரா இடது பக்கம் நிக்கிறவர பாக்கும், அவங்களுக்கு அது தெரியவே தெரியாது ஏன்னா கண்ணு ஸ்லைடு மேலயே இருக்கு. பிஸ்டல் நேரா இருக்கட்டும், நீங்க உடம்ப வலது பக்கம் திருப்பிக்கோங்க. "இங்க பாருங்க மாட்டிக்கிச்சு"ன்னு கையில வச்சிட்டே பின்னாடி திரும்புறதும் இதே ரகம், தயவுசெஞ்சு வேணாம், இன்னொரு கைய தூக்கி ரேஞ்ச் ஆஃபீசர (அங்க பாதுகாப்ப பாத்துக்கிறவர) கூப்பிடுங்க.

க்ளிக்னு மட்டும் சத்தம் வந்து வெடிக்கலன்னா உடனே திறக்காதீங்க. சில ரவுண்டு லேட்டா வெடிக்கும், முனைய டார்கெட் பக்கம் வச்சு குறைஞ்சது 30 செகண்ட் காத்திருங்க, உங்க ரேஞ்ச்ல 60ன்னு சொல்லியிருந்தா 60.

அப்புறம் வரிசை. மேகசின (தோட்டா அடுக்கி வச்ச பெட்டி) முதல்ல உருவணும், ஸ்லைட பிறகு இழுக்கணும். மாத்தி பண்ணா ஸ்லைடு முன்னாடி போகும்போது மேகசின்ல இருந்து அடுத்த ரவுண்ட சேம்பர்ல (சுடும்போது தோட்டா உக்கார்ற இடம்) தள்ளிடும், அப்புறம் மேகசின உருவிட்டு காலின்னு நம்பிடுவீங்க. ரெண்டு ரவுண்டு ஒண்ணா சிக்கியிருந்தா மேகசின் லேசுல வராது, அப்ப மட்டும் முதல்ல ஸ்லைட பின்னாடி இழுத்து லாக் பண்ணிட்டு மேகசின விடுவிக்கிற பட்டன அழுத்தி பலமா உருவுங்க, அப்புறம் ரெண்டு மூணு தடவ இழுத்து விட்டு, திரும்ப லாக் பண்ணி சேம்பர கண்ணால பாத்து சுண்டு விரலால தடவியும் பாருங்க. ஸ்க்ரூட்ரைவர், கத்தி வச்சு நெம்பவே கூடாது, பிரைமர்ல (தோட்டாவோட அடியில, தட்டினா வெடிய பத்த வைக்கிற பகுதி) பட்டா அவ்வளவுதான்.

வெளிய வர்ற ரவுண்ட கையில பிடிக்கணும்னு தோட்டா வெளிய வர்ற வாய உள்ளங்கையால மூடுறாங்க பாருங்க, அது ரொம்ப மோசம். எஜெக்டர் (தோட்டாவ வெளிய தள்ற பாகம்) பிரைமர்ல இடிச்சா சேம்பருக்கு வெளியவே வெடிச்சு பித்தளைத் துண்டு கையில இறங்கிடும். கீழ விழுந்தா விழட்டும்.

எல்லாத்துலயும் நான் அதிகம் பயப்படுறது வேற ஒண்ணு. வழக்கமான சத்தம் இல்லாம சப்புன்னு ஒரு சின்ன சத்தம், கைல உதையும் கம்மி. இத ஜாம்னு நெனச்சு மேகசின தட்டி ஸ்லைட இழுத்து அடுத்தத சுட்டீங்கன்னா, பேரலுக்குள்ள (குழல்) குண்டு நின்னிருந்தா பேரலே வெடிக்கும். அந்த சத்தம் கேட்டா அங்கயே நிறுத்துங்க, காலி பண்ணிட்டு ஆர்மரர்கிட்ட (துப்பாக்கி ரிப்பேர் பண்றவர்) கொடுங்க, முனை பக்கமா எட்டிப் பாக்கவே கூடாது.

சிக்கி வந்த ரவுண்ட திரும்ப மேகசின்ல போடாதீங்க. இடிபட்டதுல முனையில இருக்கிற குண்டு கேசுக்குள்ள (பித்தளைக் கூடு) கொஞ்சம் இறங்கியிருக்கலாம், அப்படி இறங்குனா வெடிக்கும்போது பிரஷர் எகிறும். குப்பைத் தொட்டியும் வேணாம், ரேஞ்ச்ல இதுக்குன்னு வச்சிருக்கிற பெட்டில போடுங்க.