எஸ்விஎன்: தவறி அழித்த கோப்பை மீட்க

கோப்புகளின் மாற்றங்களைப் பதிந்து வைக்கும் மென்பொருளான எஸ்விஎன்னில் (சப்வெர்ஷன்), ‘எஸ்விஎன் டிலீட்’ கட்டளை கொடுத்ததும் கோப்பு ஃபோல்டரிலிருந்து மறைந்துவிடும். ஆனால் கமிட் செய்யும்வரை, அதாவது மாற்றத்தை சர்வருக்கு அனுப்பிப் பதியும்வரை, அங்கே எதுவும் மாறாது. ‘எஸ்விஎன் ஸ்டேட்டஸ்’ அடித்துப் பார்த்தால் கோப்பின் பெயருக்கு முன்னால் ‘டி’ நிற்கும். ‘எஸ்விஎன் ரிவர்ட்’ அடித்து, இடைவெளி விட்டுக் கோப்பின் பெயரைக் கொடுங்கள், அவ்வளவுதான். மூலப்பிரதி உங்கள் கணினியிலேயே கிடப்பதால், மாரி மழைக்குக் கல்முனையில் இணையம் அறுந்து கிடந்தாலும் வேலை நடக்கும்.

முழு ஃபோல்டரையும் அழித்திருந்தால் அதன் பெயருக்கு முன் ஹைபனும் பெரிய ‘ஆர்’ எழுத்தும் வேண்டும். இல்லாவிட்டால் உள்ளே இருந்தவை திரும்பாது. பலர் சறுக்குவது இங்கேதான்: அவசரத்தில் அந்த ‘ஆர்’ எழுத்தோடு, பெயருக்குப் பதில் புள்ளி (நீங்கள் நிற்கும் ஃபோல்டர் முழுவதும் என்று பொருள்) வைத்தால், அன்று முழுக்கத் திருத்திய மற்றக் கோப்புகளும் பழைய நிலைக்குப் போய்விடும். டிலீட் கட்டளையோடு ‘ஃபோர்ஸ்’ (கட்டாயமாக அழி) போட்டு அழித்த கோப்பென்றால், கமிட் செய்யாத திருத்தங்கள் போனவைதான்.