மனை விலை இறங்கும்போது நாம் செய்யும் தவறுகள்

பாலக்கோடு பக்கம் தக்காளி போடுகிற ஒருவரிடம் இன்றைக்கு என்ன விலை என்று கேட்டால் பட்டென்று சொல்லிவிடுவார். ஏறினால் சிரிப்பார், விழுந்தால் திட்டுவார், ஆனால் விழுந்ததை மறுக்க மாட்டார். அதே மனிதரிடம் பைபாஸ் ஓரம் வாங்கிப் போட்ட மனையைப் பற்றிக் கேளுங்கள். “இப்போ கொஞ்சம் மூவ்மென்ட் இல்லைங்க, அவ்வளவுதான்” என்பார். அப்படியானால் விலை இறங்கிவிட்டதா என்று கேட்டால் கோபம் வந்துவிடும். தக்காளி மூன்று நாளில் அழுகி உண்மையைக் காட்டிவிடுகிறது. மண் அழுகாது என்பதால் எத்தனை வருஷம் வேண்டுமானாலும் நமக்கு நாமே பொய் சொல்லிக்கொண்டிருக்கலாம்.

தர்மபுரி, கிருஷ்ணகிரி வட்டாரத்தில் மனை விலை இறங்குவதை யாரும் அறிவிப்பதில்லை. வாங்க ஆள் வருவது நின்றுபோகும், அவ்வளவுதான். புரோக்கர் போன் அடிப்பது குறையும், அப்புறம் நாம் அடித்தாலும் எடுக்க மாட்டார். லேஅவுட் வாசலில் “நகர்” என்று எழுதிய வளைவு வெளுத்துப்போகும், பார்க் என்று காட்டிய இடத்தில் சீமைக் கருவேலம் தலைக்கு மேல் வளரும், மஞ்சள் பெயின்ட் அடித்த எல்லைக் கற்களில் பாதி சாய்ந்து கிடக்கும். ஆனால் விலை கேட்டால் மட்டும் ஐந்து வருஷத்துக்கு முன்னால் சொன்ன அதே விலை. இங்கே மனை வைத்திருப்பவர்களும் வாங்க நினைப்பவர்களும் செய்கிற தவறுகளில் முக்கால்வாசி இந்த மௌனத்தைத் தப்பாகப் படிப்பதால் வருபவை.

முதல் தவறு, சொல்லும் விலையை விலை என்று நம்புவது. “பக்கத்து மனைக்காரர் ஸ்கொயர் ஃபீட் 1,500 சொல்றார்” என்றால் அது அவருடைய ஆசை. அந்த விலைக்கு ஒருவர் பணம் கட்டிக் கிரயம் முடித்திருந்தால்தான் அது விலை. தெரிந்துகொள்ள ஒரு வழி இருக்கிறது, செலவும் கிடையாது. பதிவுத்துறை இணையதளத்தில் அந்த லேஅவுட்டின் சர்வே எண்ணைப் போட்டு வில்லங்கம் (அந்த நிலத்தில் பதிவான பத்திரங்களின் பட்டியல்) பாருங்கள். கடந்த இரண்டு மூன்று வருஷத்தில் அங்கே எத்தனை கிரயம் நடந்திருக்கிறது என்று தெரிந்துவிடும். பத்திரத்தில் எழுதியிருக்கும் தொகையை அப்படியே நம்ப முடியாது, நம் ஊரில் பாதிப் பேர் கைடுலைன் வேல்யூவை, அதாவது பதிவுக்காக அரசு வைத்திருக்கும் வழிகாட்டி மதிப்பை ஒட்டித்தான் எழுதுகிறார்கள். ஆனால் எண்ணிக்கை பொய் சொல்லாது. 80 மனை உள்ள லேஅவுட்டில் இரண்டு வருஷமாக ஒரு கிரயம்கூட இல்லை என்றால், அங்கே விலை என்று ஒன்று இல்லவே இல்லை.

இது நம் ஊர்க்காரர்களின் பிடிவாதம் மட்டும் இல்லை. அமெரிக்காவில் பாஸ்டன் நகரத்தில் 1990-களில் அடுக்குமாடி வீடு விற்றவர்களை ஆராய்ந்து ஜெனிசோவ், மேயர் என்ற இரண்டு பொருளாதார அறிஞர்கள் 2001-ல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். வாங்கின விலையைவிடக் குறைவாக விற்க வேண்டிய நிலையில் இருந்தவர்கள் மற்றவர்களைவிட அதிக விலை சொன்னார்கள், அதனால் அவர்கள் வீடுகள் நாள் கணக்கில் விற்காமல் கிடந்தன. ஆக, நஷ்டக்காரர்தான் அதிக விலை சொல்கிறார், பாஸ்டனிலும் சரி, பாகலூர் ரோட்டிலும் சரி. நம் பக்கத்தில் இதோடு மானப் பிரச்சினையும் சேர்ந்துகொள்கிறது. பத்து லட்சத்துக்கு வாங்கி எட்டு லட்சத்துக்கு விற்றான் என்று சம்பந்தி வீட்டில் தெரிந்துவிட்டால் என்ன ஆகும் என்பதற்காகவே விற்காமல் வைத்திருப்பவர்கள் உண்டு.

அடுத்தது “போட்ட காசு அப்படியே இருக்கு, முதலுக்கு மோசம் இல்லை” என்கிற கணக்கு. 2017-ல் ஒருவர் 1,200 சதுர அடி மனையை 12 லட்சத்துக்கு வாங்கினார் என்று வைத்துக்கொள்வோம். 2025-ல் அதே 12 லட்சத்துக்குக் கேட்கிறார்கள். நஷ்டம் இல்லை என்றுதான் தோன்றும். அதே பணம் 6.5 சதவீத வட்டிக்கு பேங்கில் கிடந்திருந்தால் எட்டு வருஷத்தில் 20 லட்சத்தை நெருங்கியிருக்கும். பத்திரச் செலவு தனி. அந்த எட்டு லட்சம் யாருடைய கண்ணுக்கும் தெரியாமல் போயிருக்கிறது, அதனால்தான் யாருக்கும் வலிக்கவில்லை. நிலத்தின் விலை எல்லா இடத்திலும் தடாலென்று விழாது. பெரும்பாலும் ஒரே இடத்தில் நின்றுகொண்டே தேய்கிறது. நகைக் கடனுக்கு வட்டி கட்டிக்கொண்டு அந்த மனையைக் காப்பாற்றி வைத்திருப்பவருக்கு இந்தத் தேய்மானம் இரண்டு மடங்கு.

மூன்றாவது தவறு கைடுலைன் வேல்யூவைச் சந்தை விலையின் நிழல் என்று நினைப்பது. “அரசாங்கமே இவ்வளவு போட்டிருக்கு, இதுக்குக் கீழே எப்படிங்க போகும்?” என்று கேட்பார்கள். போகும். 2017 ஜூன் மாதம் தமிழ்நாடு முழுக்க கைடுலைன் வேல்யூவை 33 சதவீதம் குறைத்தார்கள், கூடவே பதிவுக் கட்டணத்தை ஒன்றிலிருந்து 4 சதவீதமாக ஏற்றினார்கள். 2023 ஏப்ரலில் பழைய வேல்யூவுக்குத் திரும்பி, பதிவுக் கட்டணத்தை 2 சதவீதமாக்கினார்கள். முதல் தடவை யாருடைய மனையும் ஒரே ராத்திரியில் மூன்றில் ஒரு பங்கு மலிவாகிவிடவில்லை, இரண்டாவது தடவை யாரும் பணக்காரர் ஆகவும் இல்லை. அது முத்திரைத் தீர்வைக்கான எண், அவ்வளவுதான்.

ஆனால் விலை இறங்கும் காலத்தில் அந்த எண் கடிக்கும். சந்தை விலை கைடுலைனுக்குக் கீழே போய்விட்ட இடத்தில் விற்கிறீர்கள் என்றால், முத்திரைத் தீர்வை கைடுலைன் மேல்தான் கேட்பார்கள். வருமான வரியும் அங்கேயே வந்து நிற்கும். கைடுலைன் வேல்யூ உங்கள் கிரயத் தொகையைவிட 10 சதவீதத்துக்கு மேல் கூடுதலாக இருந்தால், விற்றவர் கைடுலைனுக்கே விற்றதாக எடுத்துக்கொண்டு லாபத்தைக் கணக்குப் போடுவார்கள். வாங்கியவருக்கும் விடுதலை இல்லை, வித்தியாசத் தொகையை அவருடைய வருமானமாகக் கருதி வரி போடுவார்கள். 13 லட்சத்துக்குக் கிரயம், கைடுலைன் 15.6 லட்சம் என்றால் 2.6 லட்சம் வாங்கியவர் தலையில். மலிவாக வாங்கினோம் என்று சந்தோஷப்படுவதற்கு முன்னால் இதை ஒரு ஆடிட்டரிடம் காட்டிவிடுங்கள். சந்தை நிலவரம் உண்மையிலேயே குறைவுதான் என்றால், மதிப்பீட்டு அதிகாரிக்கு அனுப்பச் சொல்லிக் கேட்க சட்டத்தில் இடம் இருக்கிறது.

பணமாகக் கொடுக்கிறேன், கொஞ்சம் குறைத்துக்கொள்ளுங்கள் என்று வருகிற ஆட்களும் இந்தக் காலத்தில்தான் அதிகம். சொத்து விற்பனைக்கு 20,000 ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்கக் கூடாது. வாங்கினால் வாங்கிய தொகை அளவுக்கே அபராதம் வரலாம், அதுவும் அந்த ரொக்கத்தைக் கையில் வாங்கிய விற்பவருக்கு.

இனி அறிவிப்பு மயக்கம். ஓசூர்க்காரர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். 2024 ஜூன் 27 அன்று சட்டமன்றத்தில் ஓசூரில் 2,000 ஏக்கரில், வருஷத்துக்கு 3 கோடிப் பயணிகளைக் கையாளும் சர்வதேச விமான நிலையம் என்று முதலமைச்சர் அறிவித்தார். அறிவிப்பு வந்தால் முதலில் மாறுவது புரோக்கரின் வாட்ஸ்அப் ஸ்டேட்டஸ். தளியிலும் சூளகிரியிலும் எந்த மனையைக் காட்டினாலும் “ஏர்போர்ட் பக்கம்தாங்க” என்பார்கள். பெங்களூரு விமான நிலைய ஒப்பந்தத்தில் 2033 வரை 150 கிலோமீட்டர் சுற்றளவில் போட்டி விமான நிலையம் வரக் கூடாது என்று ஒரு நிபந்தனை இருப்பதை அவர்கள் யாரும் சொல்வதில்லை. திட்டம் வராது என்று நான் சொல்லவில்லை. வருவதற்கு ஆகும் காலத்துக்கு யார் வட்டி கட்டுவது என்பதுதான் கேள்வி.

சந்தை படுத்துக் கிடக்கும்போது இந்த மாதிரி அறிவிப்புகள் ஒரு விபரீதம் செய்கின்றன. நியாயமான விலைக்குக் கேட்டு வந்த ஒரே ஆளையும் திருப்பி அனுப்ப வைத்துவிடும். “இன்னும் ரெண்டு வருஷம் பொறுங்கண்ணா, டபுளாயிடும்” என்று சொன்னவர் இரண்டு வருஷம் கழித்து வேறு தொழிலுக்குப் போயிருப்பார். இன்னொன்று, திட்டத்துக்கே உங்கள் நிலத்தை எடுத்துக்கொண்டால் பெரிய பணம் என்ற கனவு. 2013 நில எடுப்புச் சட்டம் இழப்பீட்டுக்கு முத்திரை மதிப்பையும் அக்கம்பக்கத்தில் பதிவான கிரயத் தொகைகளையும்தான் பார்க்கும். டீக்கடையில் பேசிய விலையைப் பார்க்காது. இத்தனை வருஷம் பத்திரத்தில் குறைத்து எழுதிய ஊருக்கு அன்றைக்குத்தான் அதன் விலை தெரியும்.

தொழிற்சாலை வந்தால் வாடகை ஏறும் என்பது மட்டும் ஓரளவு கண்ணால் பார்க்கிற சங்கதி. டாடா எலக்ட்ரானிக்ஸ், டிவிஎஸ், அசோக் லேலண்ட் என்று ஆள் வேலை செய்கிற இடத்துக்குப் பக்கத்தில் தண்ணீரும் பஸ்ஸும் உள்ள வீடு காலியாக இருக்காது. அதிலிருந்து நாற்பது கிலோமீட்டர் தள்ளி, பஸ் இல்லாத காட்டுக்குள் போட்ட லேஅவுட்டுக்கும் அதே காரணத்தைச் சொல்லும்போதுதான் கணக்கு உதைக்கிறது.

மலிவு கண்டால் விசாரணையை மறப்பது இன்னொரு தவறு, வாங்குபவர்கள் செய்வது. 2016 செப்டம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் அங்கீகாரம் இல்லாத மனைகளைப் பதியக் கூடாது என்று தடை போட்டது, அடுத்து நவம்பரில் 500, 1,000 ரூபாய் நோட்டு செல்லாது என்றார்கள். மனைத் தொழில் அப்படியே உறைந்துபோன வருஷம் அது. 2016 அக்டோபர் 20-க்கு முன் உருவான மனைப்பிரிவுகளை வரன்முறைப்படுத்த 2017-ல் விதிகள் கொண்டுவந்தார்கள். வரன்முறை ஆகாமல் இன்னும் கிடக்கிற மனைகளும் இருக்கின்றன, அவைதான் “அர்ஜென்ட் சேல், பாதி விலை” என்று வரும். விலை விழுந்ததால் மலிவா, விற்க முடியாததால் மலிவா என்று பிரித்துப் பார்க்க வேண்டும். டீடிசிபி (நகர் ஊரமைப்பு இயக்ககம்) அனுமதி எண், 500 சதுர மீட்டருக்கு மேற்பட்ட லேஅவுட் என்றால் ரெரா (ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையம்) பதிவு, முப்பது வருஷ வில்லங்கம், பட்டா, தாய்ப் பத்திரம். கண்டிஷன் பட்டா (நிபந்தனையோடு அரசு கொடுத்த) நிலமா, ஓடைப் புறம்போக்கை ஒட்டியதா என்று விஏஓவிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். பவர் (உரிமையாளருக்குப் பதிலாக விற்கும் அதிகாரம்) வாங்கி விற்பவர் என்றால் பவர் கொடுத்தவர் உயிரோடு இருக்கிறாரா என்றும்.

இதற்கு நேர் எதிரான தவறும் உண்டு. தெருவில் ஒருவர் ஆஸ்பத்திரிச் செலவுக்கோ கல்யாணத்துக்கோ அடித்துப் பிடித்து விற்றிருப்பார். அந்த ஒரு கிரயத்தை வைத்துக்கொண்டு “எல்லாம் போச்சு” என்று பயந்து விற்க ஓடுவது. அவசரத்துக்கு விற்றவர் விலை அவருடைய அவசரத்தின் விலை. மூன்று நான்கு கிரயம் அதே மட்டத்தில் வந்தால் நம்பலாம்.

கடன் வாங்கி வீடு கட்டியவர்களிடம் ஒரு விபரீத யோசனை அடிக்கடி காதில் விழுகிறது. வீட்டு விலையே குறைஞ்சுபோச்சு, எதுக்குத் தவணை கட்டணும், பேங்கே எடுத்துக்கட்டும் என்பது. 2008 வாக்கில் அமெரிக்காவில் சாவியை வீசிவிட்டுப் போன கதை எங்கேயோ கேட்டிருப்பார்கள். அங்கே சில மாநிலங்களில் அப்படிப் போனால் கடன் அதோடு முடியும். இங்கே முடியாது. ஏலத்தில் போன தொகை கடனுக்குப் போதவில்லை என்றால் மீதிக்கும் நீங்கள்தான் பொறுப்பு, ஜாமீன் போட்ட மச்சானும்தான். 90 நாள் தவணை நின்றால் வாராக் கடன், அப்புறம் 60 நாள் நோட்டீஸ். அதற்குள் பேங்குக்கு நேரில் போய்க் கடன் காலத்தை நீட்டிக்கச் சொல்லிக் கேட்பதுதான் புத்திசாலித்தனம்.

சரி, விலை இறங்குவது எல்லோருக்கும் கெட்டதா? எனக்கு இதில்தான் நம் ஊர் மனப்போக்கு புரிவதே இல்லை. ஒரே ஒரு வீடு, அதில் குடியிருக்கிறார், விற்கப் போவதும் இல்லை. அவர்கூட “நம்ம ஏரியா ரேட் ஏறுது” என்றால் மகிழ்கிறார், இறங்கினால் சோர்ந்துபோகிறார். அவருடைய மகன் ஓசூரில் கம்பெனி வேலையில் வாடகை கொடுத்துக்கொண்டு, நாளைக்கு அதே ஏரியாவில் மனை வாங்க வேண்டியவன். அப்பனுடைய சந்தோஷத்தை மகன்தான் தவணையாகக் கட்டப்போகிறான். விலை இறங்கினால் இந்தக் குடும்பத்துக்கு மொத்தத்தில் லாபம்தான், ஆனால் சாப்பாட்டு நேரத்தில் அப்படி யாரும் பேசிக் கேட்டதில்லை. வாடகைக்காரர்கள் பக்கம் வேறு மாதிரி: இன்னும் விழும், இன்னும் விழும் என்று அடிமட்டத்துக்குக் காத்திருந்து, பிள்ளையின் பள்ளிக்கூட வயதைத் தாண்டவிட்டவர்கள். குடியிருக்கத்தான் வாங்குகிறீர்கள், காகிதம் சுத்தம், தவணை சம்பளத்துக்குள் அடங்குகிறது என்றால் அடிமட்டத்தைத் தேட வேண்டியதில்லை. அது தாண்டிப்போன பிறகுதான் யாருக்கும் தெரியும்.

நஷ்டத்துக்கு விற்க முடிவு செய்தவர்கள் கடைசியில் கோட்டை விடுவது வரிக் கணக்கில். இரண்டு வருஷத்துக்கு மேல் வைத்திருந்த மனையை வாங்கின விலைக்கும் கீழே விற்றால், அந்த நஷ்டத்தை எட்டு வருஷம் வரை எடுத்துச் சென்று வேறு நீண்டகால மூலதன லாபத்தில் கழிக்கலாம். ஆனால் கெடு தேதிக்குள் ரிட்டர்ன் தாக்கல் செய்திருக்க வேண்டும். “லாபமே இல்லை, எதுக்கு ரிட்டர்ன்” என்று விட்டால் அந்த உரிமையும் போய்விடும். கொஞ்சம் லாபத்துக்கு விற்றவர்களுக்கும் ஒன்று: 2024 ஜூலை 23-க்கு முன் வாங்கிய நிலத்துக்கு, நேரடி லாபத்தில் 12.5 சதவீதம், அல்லது வாங்கின விலையைப் பணவீக்கத்துக்கு ஏற்ப ஏற்றிக் கணக்குப் போட்ட லாபத்தில் 20 சதவீதம், இரண்டில் எது குறைவோ அதைக் கட்டினால் போதும். மேலே சொன்ன 12 லட்ச மனையை 2025-26 நிதியாண்டில் 13 லட்சத்துக்கு, கைடுலைனும் அதைத் தாண்டாத நிலையில் விற்றிருந்தால், முதல் வழியில் 12,500 ரூபாய் வரி. இரண்டாவது வழியில் வாங்கின விலையே 16.5 லட்சத்துக்கு மேல் வந்துவிடுவதால் வரி ஒன்றுமில்லை. பத்திரச் செலவு ரசீதையும் எடுத்து வையுங்கள், அதையும் வாங்கின விலையோடு சேர்த்துக்கொள்ளலாம்.